கிறிஸ்மஸ் தாத்தா நிஜமா என்று பிள்ளை கேட்டால்: வேலூர் வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

சத்துவாச்சாரியில் ஒரு டிசம்பர் இரவு. வீடு வீடாகக் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடிப் போகும் கேரல் ரவுண்ட்ஸ் போய்க்கொண்டிருந்தோம். அந்த வருடம் நான்தான் கிறிஸ்மஸ் தாத்தா. வயிற்றில் தலையணை, முகத்தில் ரப்பர் முகமூடி. வெளியே மார்கழிப் பனி, முகமூடிக்குள் வேர்வை ஆறாக ஓடுகிறது. ஒரு வீட்டு வாசலில் மிட்டாயை நீட்டினேன். ஏழு வயதுப் பெண் ஒருத்தி மிட்டாயைப் பார்க்காமல் என் காலைப் பார்த்தாள். "இது எங்க சண்டே ஸ்கூல் அங்கிளோட செருப்பு" என்றாள். தெருவே சிரித்தது, நானும் முகமூடிக்குள் சிரித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு வகுப்பு முடிந்ததும் என் பின்னாலேயே வந்தாள். "அங்கிள், தாத்தா வேஷம் நீங்க போட்டீங்க. ஏசப்பா வேஷம் யார் போடுறாங்க?"

"அப்படியெல்லாம் கேக்கக் கூடாதும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வருடக்கணக்கில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பிள்ளை கேட்டதில் குறும்பு எதுவும் இல்லை, கணக்குதான் இருந்தது. இரண்டு பேரையும் நான் பார்த்ததில்லை, இரண்டு பேரைப் பற்றியும் பெரியவர்கள்தான் சொன்னார்கள், இரண்டு பேரும் நல்ல பிள்ளைக்குக் கொடுப்பார்களாம். ஒருவர் வேஷம் என்று தெரிந்துவிட்டது. அப்போது மற்றவர்?

அந்தக் கேள்விக்குத் தயாராவது எப்படி என்று எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. பெற்றோருக்கும், சண்டே ஸ்கூல் எடுக்கிற அக்கா அண்ணன்மாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கான்வென்ட்டுக்குப் பிள்ளையை அனுப்பும் இந்து, முஸ்லிம் வீடுகளுக்கும் பாதிக்கு மேல் உதவும். தாத்தா அங்கேயும் வருகிறார் அல்லவா.

முதல் படி: பெட்டியைப் பிரித்துப் பாருங்கள்

இயேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மைகளால் காட்டுகிற குடில் இருக்கும் பெட்டியைப் பரண் மேலிருந்து இறக்கும் நாளில் இதைச் செய்யுங்கள். ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். வேதத்தில் இருப்பது, சபை வழக்கமாக வந்தது, விளையாட்டுக்காகச் சேர்ந்தது. பிறகு பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, எந்தப் பத்தியில் போடுவது என்று பாருங்கள். பக்கத்தில் மத்தேயு 2-ஆம் அதிகாரமும் லூக்கா 2-ஆம் அதிகாரமும் திறந்திருக்கட்டும்.

பெரியவர்களே தடுமாறுவோம். நட்சத்திரத்தைப் பார்த்துக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு எங்கும் எழுதவில்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கைதான் மூன்று. ஆளுக்கு ஒன்று என்று நாமே கணக்குப் போட்டுக்கொண்டோம். அவர்கள் ராஜாக்கள் என்பதும், கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்களும் பிற்பாடு வந்து சேர்ந்தவை. அவர்கள் பிள்ளையைக் கண்டது தொழுவத்திலும் இல்லை. "வீட்டுக்குள் பிரவேசித்து" என்றுதான் மத்தேயு சொல்கிறார். வருடாவருடம் நாடகத்தில் ஒரு பையன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு "இடமில்லை, போ போ" என்று கத்துவானே, அந்தச் சத்திரக்காரனும் லூக்காவில் கிடையாது. சத்திரத்தில் இடமில்லை என்ற ஒரு வரி மட்டும் இருக்கிறது. மாடும் கழுதையும் பிறப்புக் கதைக்குள் வரவே இல்லை. ஏசாயா முதல் அதிகாரத்தில் மாடு தன் எஜமானையும் கழுதை முன்னணையையும் (தீவனத் தொட்டியையும்) அறியும் என்று வருவதைச் சேர்த்துப் படித்துத்தான் பழைய கிறிஸ்தவர்கள் அவற்றை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

தேதியும் அப்படித்தான். டிசம்பர் 25 வேதத்தில் இல்லை. கி.பி. 354-ல் ரோமில் தொகுத்த ஒரு நாட்காட்டியில் அந்தத் தேதி இருக்கிறது. குடில் வைக்கும் வழக்கம் பரவக் காரணம் அசிசியின் பிரான்சிஸ். 1223-ல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் காட்டினார். இவையெல்லாம் இரண்டாம் பத்தி. சவுக்குக் கிளையில் நாம் ஒட்டுகிற பஞ்சு மூன்றாம் பத்தி. பனிமழையை வாழ்நாளில் பார்க்காத ஊரில் அந்தப் பஞ்சுக்காக ஒவ்வொரு வருடமும் மருந்துக்கடைக்கு ஓடுகிறோம்.

இதைப் பிள்ளையை உட்காரவைத்துச் செய்ய வேண்டும் என்றில்லை. முதலில் உங்களுக்குத் தெளியட்டும். மூன்று பத்தியையும் ஒரே குரலில், ஒரே அழுத்தத்தோடு பிள்ளைக்குச் சொல்லிவந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைக்கும். அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு விதை போட்டது தாத்தா இல்லை, நம்முடைய அந்த ஒரே குரல்தான் என்பது என் எண்ணம்.

இரண்டாம் படி: தாத்தாவின் ஊர், பேர் விசாரியுங்கள்

நிக்கோலாஸ் 4-ஆம் நூற்றாண்டில் மீரா என்ற ஊரில் ஆயராக இருந்தவர். அந்த இடம் இப்போது துருக்கியில் இருக்கிறது. பனிக்கும் வடதுருவத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. அவரைப் பற்றிய கதைகளில் நம் ஊர்க்காரர்களுக்கு உடனே புரிவது ஒன்று. ஏழைத் தகப்பன், மூன்று பெண்கள், சீர் கொடுக்க வழியில்லை. இரவில் யாருக்கும் தெரியாமல் சன்னல் வழியாகப் பொன் முடிப்பை எறிந்துவிட்டுப் போனாராம். கல்யாணச் செலவுக்குக் கடன் வாங்கிய வீட்டுப் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். இது கதை, ஆனால் ஓர் உண்மை மனிதரைப் பற்றிய கதை. இப்படிச் சொல்லிவிட்டால் போதும். அவருடைய எலும்புகளை 1087-ல் இத்தாலியின் பாரி நகரத்துக்குக் கொண்டுபோனார்கள், பெரும்பகுதி இன்றும் அங்கே இருக்கிறது. அவர் திருநாள் டிசம்பர் 6.

ஹாலந்துக்காரர்கள் அவரைச் சின்டர்கிளாஸ் என்றார்கள். அந்தப் பெயர்தான் அமெரிக்காவில் சான்டா கிளாஸ் ஆனது. இதில் நமக்கு ஓர் உறவுமுறை இருக்கிறது. வட ஆற்காட்டில் 1853-ல் ஆற்காடு மிஷனைத் தொடங்கிய ஸ்கடர் சகோதரர்கள் சார்ந்திருந்தது, நியூயார்க் பக்கத்தில் குடியேறிய ஹாலந்துக்காரர்கள் கட்டிய சீர்திருத்த சபை. அந்தக் குடும்பத்தில் வந்த ஐடா ஸ்கடர்தான் 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு மருத்துவம் தொடங்கினார். தாத்தாவின் பெயரும் நம் ஊர் மிஷனும் ஒரே ஜனங்கள் வழியாக வந்தவை. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சபையின் பழைய போதகர்களுக்குப் புனிதர் திருநாள் கொண்டாடுவதே பிடிக்காது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மான் வண்டியும் புகைபோக்கியும் 1823-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் வந்த பாட்டின் மூலம் பரவின. தொப்பையை 1863 முதல் தாமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் வரைந்து நிலைநிறுத்தினார். சிவப்பு அங்கி முன்பே இருந்தது. 1931-லிருந்து வந்த கோக்க கோலா விளம்பரங்கள் அதை உலகம் பூராவும் கொண்டுபோயின. மார்ட்டின் லூத்தர் வழிவந்த ஜெர்மானியர்கள் புனிதரை விலக்கிவிட்டு, பரிசு கொண்டுவருவது குழந்தை இயேசு என்று பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். ஜெர்மன் மொழியில் கிறிஸ்ட்கிண்டல். அமெரிக்கா போனதும் அந்தச் சொல் கிரிஸ் கிரிங்கிள் ஆகி, கடைசியில் அதுவும் தாத்தாவுக்கே இன்னொரு பெயராகிவிட்டது. தாத்தாவை விரட்ட இயேசுவை அவர் இடத்தில் உட்காரவைத்தார்கள், தாத்தா அந்தப் பெயரையும் வாங்கிப் போட்டுக்கொண்டார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நான்காம் படியில் வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: 'வேஷம்' என்ற சொல்லைக் கையில் எடுங்கள்

பிள்ளையிடம் தாத்தா உண்டு என்று சொன்னால் பொய், இல்லை என்று சொன்னால் பிள்ளையின் சந்தோஷம் போய்விடும் என்று வெளிநாட்டுப் பெற்றோர் தலையைப் பிய்த்துக்கொள்வதைப் படித்திருக்கிறேன். நமக்கு அந்தத் தலைவலி வேண்டியதில்லை. நாம் தெருக்கூத்து ஊர்க்காரர்கள்.

நம் சுற்றுக் கிராமங்களில் பாரதக் கூத்து நடக்கும்போது போய்ப் பாருங்கள். துரியோதனன் வேஷம் கட்டுகிறவர் பகலில் மளிகைக் கடையில் மூட்டை தூக்குகிறவர் என்று முன்வரிசைப் பொடிசுக்கும் தெரியும். அரிதாரம் பூசுவதை எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் உட்காருகிறது. கிரீடத்தோடும் புஜகீர்த்தியோடும் அவர் திரை விலக்கி வந்தால் அதே பொடிசு பயந்து அம்மா மடிக்குள் ஒளிகிறது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. மாசியில் மயானக் கொள்ளை அன்று பாலாற்றங்கரைக்குக் காளி வேஷத்தில் போகிறவர்களைக் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளும் மாடியிலிருந்து பார்க்கிறார்கள். வேஷம் என்றால் என்ன என்று அவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

அதனால் மூன்று வயதிலிருந்தே "தாத்தா வர்றாரு" என்பதோடு "தாத்தா வேஷம் கட்டி வர்றாங்க" என்பதையும் சகஜமாகப் புழங்குங்கள். சந்தோஷம் ஒரு துளியும் குறையாது. நான் பார்த்தவரை, வேஷம் என்று தெரிந்த பிள்ளைகள்தான் தாத்தாவோடு கூச்சமில்லாமல் ஆடுகிறார்கள். தெரியாதவை வீறிட்டு அழுகின்றன.

ஒரு எச்சரிக்கை. கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் இயேசு பரிசேயரைத் திட்டும்போது 'வெளிவேடக்காரரே' என்கிறார். கிரேக்க மூலத்திலும் அந்தச் சொல்லுக்கு நடிகன் என்றே பழைய பொருள். வேஷம் என்று எல்லோருக்கும் தெரிந்து கட்டினால் கூத்து, மறைத்துக் கட்டினால் வெளிவேடம். பிள்ளை நேருக்கு நேர் கேட்ட பிறகும் "நிஜத் தாத்தாதான்" என்று சாதிப்பதும், அதற்காகத் தாத்தா எழுதியதாகக் கடிதம் தயாரிப்பதும் இரண்டாவது வகையில் சேர்ந்துவிடும்.

நான்காம் படி: கண்ணைக் குத்தும் சாமியை ஓய்வெடுக்கச் சொல்லுங்கள்

இந்தப் படியில்தான் நேரம் அதிகம் ஆகும், நம் வாய்ப்பழக்கத்தை மாற்ற வேண்டியிருப்பதால்.

"சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்லி வளர்க்காத தமிழ் வீடு உண்டா? நாம் மதம் மாறியும் அந்த வாக்கியம் மாறவில்லை. "பொய் சொன்னா ஏசப்பா கண்ணைக் குத்துவார்", "சாப்பிடலைன்னா ஏசப்பாவுக்குப் பிடிக்காது", "நல்லாப் படிச்சா ஏசப்பா சைக்கிள் தருவார்". அமெரிக்கத் தாத்தாவிடம் நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை என்று ஒரு பட்டியல் உண்டு, இரண்டு முறை சரிபார்ப்பாராம். அந்தப் பட்டியலை நாம் இயேசுவின் கையில் கொடுத்துவிட்டோம். இப்போது யோசித்துப் பாருங்கள். மேலே இருந்து பார்த்துக்கொண்டே இருப்பார், குறித்து வைப்பார், கேட்டதைத் தருவார், இல்லையென்றால் தண்டிப்பார். இது கிறிஸ்மஸ் தாத்தாவும் பூச்சாண்டியும் சேர்ந்த ஓர் உருவம். இதன் பாதி வேஷம் என்று தெரியும் நாளில் மீதிப் பாதியும் சரியத்தான் செய்யும். தாத்தா போனதால் விசுவாசம் போனது என்று யாராவது சொன்னால், அந்த வீட்டில் இருந்த விசுவாசத்தின் உருவம் எது என்று கேட்கத் தோன்றுகிறது.

சுவிசேஷத்தில் கணக்கு தலைகீழாக இருக்கிறது. வயல்வெளி மேய்ப்பர்களிடம் தேவதூதன் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கவில்லை. இயேசு சொன்ன கதையில், சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பிய இளைய குமாரன் மன்னிப்புப் பேச்சைச் சொல்லி முடிப்பதற்குள் தகப்பன் நல்ல வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். நீதியுள்ளவர் மேலும் அநீதியுள்ளவர் மேலும் மழை பெய்யப்பண்ணுகிறார் என்று மத்தேயு 5-ல் வருகிறது. வருடத்தில் பாதி நாள் பாலாறு மணலாகக் கிடக்கும் ஊரில், ஆள் பார்த்துப் பெய்யாத மழை எவ்வளவு பெரிய பரிசு என்று பிள்ளைக்குச் சொல்லிக் காட்டலாம்.

இதில் இன்னொரு காயமும் இருக்கிறது. ஒரே வகுப்பில் வளைகுடாவில் வேலை பார்க்கிற அப்பாவின் பிள்ளையும் இருக்கும், பீடி சுற்றுகிற அம்மாவின் பிள்ளையும் இருக்கும். ஒருத்திக்குத் தாத்தா சைக்கிள் தந்தார், இன்னொருத்திக்குப் பென்சில் டப்பா. நல்ல பிள்ளைக்குத்தான் பெரிய பரிசு என்று நாம் சொல்லிவைத்திருந்தால், பென்சில் டப்பா வாங்கிய பிள்ளை தன்னைப் பற்றி என்ன முடிவுக்கு வரும்? தாத்தா பெயரில் தருவது எல்லோருக்கும் ஒன்றேபோல் சின்னதாக இருக்கட்டும். பெரிய பரிசை "அப்பா ஓவர் டைம் பார்த்து வாங்கினது" என்று அப்பா பெயரிலேயே கொடுங்கள், அவருக்கும் ஆசை இருக்காதா!

ஐந்தாம் படி: கேட்கும் நாளில்

பிள்ளை கேட்காமல் நீங்களாக உட்காரவைத்து உடைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1994-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, பிள்ளைகள் பெரும்பாலும் ஏழு வயதுவாக்கில் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுகிறார்கள், பெரும்பாலும் அதைச் சந்தோஷமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். வருத்தப்பட்டவர்கள் பெற்றோர்தானாம். எனக்கு இது ஆச்சரியமாகவே இல்லை. விழுந்த பல்லைக் கூரைமேல் எறிந்தால் புதுப் பல் முளைக்கும் என்று ஆயா சொன்னதை நாமும் நம்பினோம். பிறகு நம்பவில்லை. அதற்காக ஆயாமேல் கோபமா வந்தது?

ஐந்து வயதுக்குள் கேட்டால், "நீ என்ன நினைக்கிற?" என்று திருப்பிக் கேட்டாலே போதும். கதை சொல்லச் சொல்லிக் கேட்கிறதா, உண்மை தெரிய வேண்டும் என்று கேட்கிறதா என்பது அதன் பதிலில் தெரிந்துவிடும். ஆறு, ஏழு வயதில் கேட்டால் இழுக்காதீர்கள்:

"அப்பா, தாத்தா நிஜமா?"

"நிக்கோலாஸுன்னு ஒருத்தர் நிஜமா இருந்தார்டா. ரொம்ப காலம் முந்தி. அவர் மாதிரி இப்ப நாம வேஷம் கட்டுறோம்."

"அப்ப மிட்டாய்?"

"அம்மா லாங்கு பஜார்ல வாங்கினது."

அவ்வளவுதான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அடுத்த கவலை, மிட்டாய் இந்த வருடமும் உண்டா என்பதுதான். உண்டு என்று அடித்துச் சொல்லுங்கள். உடனே அதற்கு ஒரு வேலையும் கொடுங்கள். தாத்தாவின் மிட்டாய்ப் பையைத் தூக்கும் பொறுப்பு. ரகசியம் தெரிந்தவர்களின் பக்கம் வந்துவிட்டோம் என்ற பெருமையில், தம்பி தங்கையிடம் போட்டு உடைக்க வேண்டும் என்ற ஆசையே போய்விடும்.

முயல், முட்டை விஷயத்துக்கு நம் ஊரில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. ஈஸ்டர் முட்டை பேக்கரிக் கண்ணாடிக்குள்தான் இருக்கிறது, முயல் இன்னும் காட்பாடி தாண்டி வரவில்லை. நம் பிள்ளைகளுக்கு அந்த வாரம் என்றால் குருத்தோலை மடித்துச் சிலுவை செய்வதுதான்.

ஆறாம் படி: "அப்போ ஏசப்பா?"

இது வந்தே தீரும். அதே நாளில் வரலாம், இரண்டு வருடம் கழித்தும் வரலாம். "கேக்கக் கூடாது" என்பதைத் தவிர எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

நான் இப்போது பிலாத்துவிடமிருந்து தொடங்குகிறேன். ஞாயிறுதோறும் ஆராதனையில் எதை நம்புகிறோம் என்று அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது பொந்தியு பிலாத்து என்று ஒரு ரோம அதிகாரியின் பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். ஏன் அவர் பெயர்? எந்த ஆட்சியில், யார் உத்தரவில் நடந்தது என்று தேதி குத்துவதற்காக. தாசில்தார் பெயரும் முத்திரையும் இருக்கிற காகிதம் மாதிரி. 1961-ல் இஸ்ரேலில் செசரியாவில் பிலாத்துவின் பெயர் பொறித்த கல்லே கிடைத்தது. கிறிஸ்தவர் அல்லாத ரோம வரலாற்று ஆசிரியர் தாசித்து, 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிறிஸ்து பிலாத்துவின் காலத்தில் கொல்லப்பட்டதை எழுதிவைத்திருக்கிறார். வடதுருவத் தாத்தாவின் கதையில் ஒரு பிலாத்து கிடையாது.

இதோடு நிறுத்தாதீர்கள். இயேசு வாழ்ந்தார், சிலுவையில் இறந்தார் என்பதை விசுவாசம் இல்லாத வரலாற்று அறிஞர்களும் பெரும்பாலும் ஏற்கிறார்கள். உயிர்த்தெழுந்தார் என்பது கல்வெட்டால் நிரூபிக்கிற விஷயம் இல்லை, அது விசுவாசம். இரண்டையும் கலந்து "எல்லாத்துக்கும் ஆதாரம் இருக்கு" என்று பிள்ளையிடம் அடித்துவிட்டால், கல்லூரியில் யாரோ ஒருவன் ஒரே வாரத்தில் அதைக் கலைத்துவிடுவான். பவுல் இதில் நம்மைவிட நேர்மையானவர். கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா என்று முதலாம் கொரிந்தியர் 15-ல் பகிரங்கமாக எழுதினார். தாத்தா இல்லையென்றால் பிளம் கேக்கும் விருதா என்று யாராவது எழுதினார்களா? ஒன்று பொய்யானால் வாழ்க்கையே மாறும். மற்றது பொய்யென்று தெரிந்தபிறகும் கேக் அதே ருசிதான்.

அப்புறம், பிள்ளைகள் நம் வாயைவிட நம் வீட்டைத்தான் பார்க்கின்றன. பத்து வயது தாண்டிய யாரும் தாத்தாவை நம்புவதில்லை, அது பிள்ளைக்குத் தெரியும். ஆனால் எண்பது வயது ஆயா விடியற்காலையில் வேதத்தை மடியில் வைத்துக்கொண்டு யாரும் பார்க்காத நேரத்தில் ஜெபம் பண்ணுகிறார். அங்கே வேஷம் கட்ட ஆள் இல்லை, கைதட்ட ஆள் இல்லை. அதைப் பிள்ளை பார்த்திருந்தால் பாதி பதில் கிடைத்துவிட்டது. மீதிக்கு, "நான் நம்புறேன்டா. எனக்கும் சில சமயம் சந்தேகம் வரும்" என்று சொல்லலாம். உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற சீடர் தோமாவின் பெயரில் சென்னையில் ஒரு மலையே இருக்கிறது.

ஏழாம் படி: சபையில் ஆளுக்கொரு பேச்சு

சில சபைகளில் தாத்தா வேஷமே கூடாது என்பார்கள். புதிய சண்டை இல்லை இது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்மஸ் கொண்டாடினாலே அபராதம், அதுவும் பக்தி மிகுந்த கிறிஸ்தவர்கள் போட்ட சட்டம். 1951 டிசம்பரில் பிரான்சின் தீஜோன் நகரில், பேராலயத்தின் முன்னே, பிள்ளைகள் பார்க்கத் தாத்தா பொம்மையைக் கொளுத்தினார்கள். கிறிஸ்மஸை அவர் பிடுங்கிக்கொண்டார் என்பதுதான் குற்றச்சாட்டு. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் முன்னால் எரிப்பது எனக்கு ஒப்பவில்லை. உங்கள் சபையில் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், தாத்தா இல்லாமலும் டிசம்பர் நன்றாகவே போகும். பக்கத்துச் சபைப் பிள்ளையைக் கேலி செய்யாமல் இருக்கக் கற்றுக்கொடுத்தால் சரி.

கடைசியாக, டிசம்பருக்கு எங்கள் ஏற்பாடு

டிசம்பர் 6 அன்று நிக்கோலாஸ் கதையைச் சொல்லி, பிள்ளைகளை வைத்து யாருக்காவது பெயர் சொல்லாமல் ஒரு பொருள் போய்ச் சேரச் செய்கிறோம். கல்லூரிகளில் கிறிஸ்மா, கிறிஸ்சைல்ட் என்று சீட்டெழுதிக் குலுக்குவார்களே, அதேதான், ஆனால் திரும்பக் கிடைக்காத வீடாகப் பார்த்து. குடிலை முன்பே கட்டிவிட்டாலும் முன்னணையைக் காலியாக வைத்திருந்து, 24 இரவு ஆராதனைக்குப் போகும் முன் வீட்டிலேயே சின்னது எதுவோ அதன் கையால் குழந்தையை வைக்கச் சொல்கிறோம். சாஸ்திரிகள் அலமாரியில் தூரத்திலிருந்து புறப்பட்டு ஜனவரி 6-க்குத்தான் வந்து சேர்வார்கள். தாத்தா கேரல் ரவுண்ட்ஸிலும் மரத்தடியிலும் ஆடலாம், பீடத்தின் பக்கம் வரமாட்டார். கடைசி வீடு முடிந்ததும் பிள்ளைகள் முன்னாலேயே முகமூடியைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடிப்பேன்.

அந்தப் பெண்ணிடம் போய், "அன்னிக்கு நான் சரியாப் பதில் சொல்லலம்மா" என்று சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது. பிலாத்து கதையை அவளுக்குத்தான் முதலில் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அவரு ஏன் கை கழுவினாரு?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். மறுவருடம் மிட்டாய்ப் பை அவள் தோளில். வேஷத்துக்குப் பொருத்தமாகக் கறுப்பு ஷூ வாங்கித் தருவதாக வாலிபர் ஐக்கியத்தில் சொன்னார்கள், நான்தான் வேண்டாம் என்றேன். ஒரு வாசலில் நாலு வயதுப் பொடியன் குனிந்து என் காலையே உற்றுப் பார்த்தான். நான் வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்: "தாத்தாவுக்கு ஷூ கடிக்குதாம்."